கைய வைங்கப்பு, ஒண்ணுஞ் செய்யாது

எங்கள் ஸ்டூடியோவின் இணையதளத்தில் ‘பத்திரிகைகளில்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று தை மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. இரண்டு நாளிதழ்களில் வந்த செய்திகள், ஒரு வார இதழில் வந்த நான்கு பக்கம், வெளிநாட்டு விருது ஒன்றில் கிடைத்த பாராட்டுக் குறிப்பு, இவற்றை ஏற்றினால் முடிந்தது. ஆனால் அந்தப் பாராட்டுக் குறிப்பைத் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. அதில் ஒரு வரி உண்மை இல்லை. நடுவர்கள் பொய் சொல்லவில்லை. நாங்கள் அனுப்பியதைப் பார்த்து, பார்த்ததை நேர்மையாக எழுதினார்கள். அனுப்பியதில்தான் கோளாறு. அது என்ன என்று தெரிந்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டில் சொன்னால், “விருதுதான் கெடச்சிருச்சே, அப்புறம் என்ன?” என்கிறார்கள். எனக்கு அது அடங்கவில்லை. முழுசாக எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். தொட்டால், நடந்தால், கையசைத்தால் மாறுகிற காட்சிகளைச் செய்வது தொழில். அருங்காட்சியகம், கண்காட்சி, பள்ளிக்கூட ஆய்வகம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். மதுரையில் இருந்துகொண்டு இதைச் செய்வதில் ஒரு சிரமம் விடாமல் கூடவே வருகிறது. எங்களிடம் விலை கேட்கிறவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு பெங்களூரு நிறுவனம் இருக்கும். “மதுரைல இதெல்லாம் பண்றாங்களா?” என்பது முதல் கேள்வி. “பேப்பர்ல வந்திருக்கா? விருது ஏதாவது?” என்பது அடுத்த கேள்வி. மதுரைக்காரர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். அதனால் அந்தப் பக்கத்தை நான் லேசாக நினைப்பதில்லை. போன வருடம் வந்த மூன்று வேலைகளில் இரண்டு அதைப் பார்த்துத்தான் வந்தன. மூன்று குடும்பங்களின் வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதில் இருக்கிறது.

விருதுகள் மீது எனக்கு இருந்த ஆசை தொழிலுக்கும் முந்தியது. கல்லூரியில் படித்த காலத்தில் வென்றவர்கள் பட்டியலைப் பாடப் புத்தகம் மாதிரி படித்தவள் நான். இணையதளங்களுக்காக 1996-இல் தொடங்கிய வெப்பி விருதில் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு பரிசு உண்டு. ஒன்று நடுவர்கள் தருவது, இன்னொன்று மக்கள் வாக்கில் கிடைப்பது. வாங்குகிறவர் ஐந்து சொல்லில் பேசி முடிக்க வேண்டும். வடிவமைப்புக்கும் விளம்பரத்துக்குமாக 1962-இல் லண்டனில் தொடங்கிய டி அண்ட் ஏ.டி.யில் கோப்பைக்குப் பதிலாகப் பென்சில் கொடுப்பார்கள். 2009-இல் ஸ்பெயினில் தொடங்கிய அவ்வர்ட்ஸ் என்ற இணையதள விருது, மதிப்பெண்ணைப் பிரித்தே வைத்திருக்கிறது: வடிவமைப்புக்கு 40 விழுக்காடு, பயன்பாட்டு எளிமைக்கு 30, படைப்புத் திறனுக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10. உள்ளடக்கத்துக்குப் பத்துதானா என்று அப்போதே ஒரு உறுத்தல் இருந்தது. இருந்தாலும் அந்தத் தளங்களைத் திறந்து திறந்து பார்த்துத்தான் நான் வேலை கற்றேன். என்னோடு படித்தவர்கள் சினிமா நடிகர்களின் படத்தைக் கணினித் திரையில் வைத்திருந்தபோது நான் வைத்திருந்தது ஒரு இணையதளத்தின் முகப்பை.

அந்தத் தளங்களில் பெரும்பாலானவை இன்று திறக்காது. அசையும் காட்சிகளை இணையத்தில் ஓட்ட அப்போது இருந்த ஃபிளாஷ் மென்பொருளில் செய்தவை. அடோப் நிறுவனம் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அந்தப் பிளேயரே தன்னில் எதையும் ஓடவிடாமல் செய்தார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் கொஞ்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மற்றதெல்லாம் போயிற்று. ஒருமுறை என் மகளுக்குக் காட்டுவதற்காக ஒரு பழைய தளத்தைத் தேடினேன். தளம் இல்லை. அது விருது வாங்கியதைச் சொல்லும் பக்கம் மட்டும் இருந்தது. வேலை போய்விட்டது, அதற்குக் கிடைத்த பாராட்டு நிற்கிறது. அன்றைக்கு அது வெறும் வருத்தமாக இருந்தது. இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. ஏனென்றால் பாராட்டில் என்ன எழுதியிருக்கிறதோ, கடைசியில் அதுதான் அந்த வேலை என்று ஆகிவிடும்.

கம்மா மேசை

மேலூர் போகும் வழியில் ஒரு அறக்கட்டளை, தண்ணீரைப் பற்றிச் சின்னதாக ஒரு காட்சிக்கூடம் நடத்துகிறது. பழைய நெல் கிட்டங்கியைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, கூடமாக மாற்றியிருந்தார்கள். பேரணையிலிருந்து மேலூர்ப் பக்கம் வரும் பெரியாறு கால்வாயையும், அதில் தண்ணீர் வாங்குகிற கண்மாய்களையும் (ஏரிகள்தான்; இங்கே பேச்சில் கம்மா) பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி காட்ட வேண்டும் என்று கேட்டார்கள். 1895-இல் மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்ட கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். பென்னிகுவிக் படம் இல்லாத ஊர் அந்தப் பக்கம் குறைவு. ஆனால் கால்வாய் எப்படிப் பிரிகிறது, எந்தக் கண்மாய் யாருக்கு மேலே இருக்கிறது, கள்ளந்திரி வரை இருபோகம் என்றும் அதற்குக் கீழே ஒருபோகம் என்றும் ஏன் ஆயிற்று, இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அப்பாக்களுக்கும் மறந்து வருகிறது.

எட்டு அடிக்கு நான்கு அடியில் ஒரு மேசை செய்தோம். தெற்குவாசல் பக்கத்துத் தச்சுப்பட்டறை ஒன்றில், மேடு பள்ளத்தை அடுக்கடுக்காக ஒட்டுப்பலகையில் வெட்டி ஒட்டி, முழுக்க வெள்ளை பெயின்ட் அடித்தோம். மேலே உத்தரத்தில் ஒரு ப்ரொஜெக்டர், பக்கத்தில் ஒரு ஆழமறியும் கேமரா. மேசை மீது தண்ணீர் ஒளியாக ஓடும். ஓடும் இடத்தில் கையை வைத்தால் மடை அடைபடும், தண்ணீர் தேங்கும். எடுத்தால் திறந்துகொண்டு கீழே போகும். பொத்தான் கிடையாது, எழுத்தும் கிடையாது. கேமரா பழைய கினெக்ட், வீடியோ கேமுக்காக வந்த சாதனம். மைக்ரோசாஃப்ட் அதன் தயாரிப்பை 2017-இல் நிறுத்திவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் சொல்லி வைத்து இரண்டு வாங்கினோம், ஒன்று ஓட, ஒன்று உதிரிக்கு.

இந்த யோசனை முழுக்க எங்களுடையது இல்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆலிவர் கிரைலோஸ் என்பவர் 2012 வாக்கில் ஒரு மணல் தொட்டி செய்தார். மணலைக் குவித்தால் அதன் மீது மலையின் நிறமும் உயரக் கோடுகளும் விழும், கையை விரித்துப் பிடித்தால் மழை பெய்யும். மென்பொருளை எல்லோருக்கும் திறந்து வைத்தார். உலகம் முழுக்க எத்தனையோ அருங்காட்சியகங்களிலும் பள்ளிகளிலும் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். டேவிஸ்காரர்களே தங்கள் பக்கத்தில், செக் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் செய்த முன்மாதிரியைப் பார்த்துத்தான் தொடங்கினோம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாங்கள் அதை எங்கள் கண்மாய்க்குக் கொண்டுவந்தோம்; மணலுக்குப் பதில் பலகை, மழைக்குப் பதில் மடை.

திறந்த முதல் வாரத்தில் ஒரு பெரியவர் வந்தார். மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது தப்பு” என்றார். நாங்கள் எல்லாக் கண்மாயிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஏறுகிற மாதிரி செய்திருந்தோம். பார்க்க அழகாக இருந்தது, ஒரே நேரத்தில் பத்து நீலம். “மேக்கம்மா நெறஞ்சு மறுகா பாஞ்சாத்தான கீழ்க்கம்மாய்க்கு வரும்? நெறையாம எப்பிடி வரும்?” என்று கேட்டார். மேலே உள்ள கண்மாய் நிரம்பி வழிந்தால்தான் கீழே உள்ளதற்குத் தண்ணீர். அவ்வளவு எளிய விஷயம். கண்மாய்த் தொடர் என்பதன் பொருளே அதுதான். இரண்டு இரவு உட்கார்ந்து மாற்றினோம். மாற்றியதும் மேசை வேறாகிவிட்டது. மேலே நிற்கும் பிள்ளை கையை எடுக்கவில்லை என்றால் கடைமடையில் நிற்கும் பிள்ளைக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. “தொறங்கடா!” என்று கடைமடைப் பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். நாங்கள் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் நூறு வருடமாக நடக்கிற சண்டை, மேசைக்கு இரண்டு பக்கமும் தானாக வந்து நின்றது. என் வேலையில் நான் பார்த்த மிக நல்ல நாட்களில் அது ஒன்று.

அந்தப் பெரியவரை உள்ளே கூட்டிவந்து நிறுத்தியது அக்காதான். இந்தக் கட்டுரையே அவரைப் பற்றியது. அறக்கட்டளையின் சம்பளப் பதிவேட்டில் அவர் வேலை ‘பெருக்குபவர்’ என்று இருக்கும். காலையில் கதவைத் திறப்பது, பெருக்குவது, ப்ரொஜெக்டரைப் போடுவது, சாயங்காலம் அணைத்துப் பூட்டுவது எல்லாம் அவர்தான். பக்கத்து ஊர்க்காரர். ஐம்பதைத் தாண்டிய வயது. முதல் நாள் நான் அவருக்கு சுவிட்சுகளைக் காட்டிக்கொடுத்தபோது, எது எதற்கு என்று கேட்டு ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பால் புள்ளி வைத்துக்கொண்டார். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. அந்த வரிசையில்தான் போட வேண்டும்.

இரண்டாவது வாரம் அவர் போன் செய்தார். “நாலு மணிக்கு மேல தண்ணி ஓட மாட்டேங்குதும்மா.” நாங்கள் மென்பொருளில் தேடினோம், வயரை மாற்றினோம், உதிரி கினெக்டையும் மாட்டிப் பார்த்தோம். எங்கள் ஸ்டூடியோவில் வைத்தால் ஓடியது, அங்கே போனால் நின்றது. மூன்று நாள் கழித்து அவரே சொன்னார், “மேக்க சன்னல் வழியா வெயில் விழும்போதுதாம்மா நிக்குது. மேகம் வந்தா ஓடுது.” கினெக்ட் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் புள்ளி புள்ளியாகத் தூவி, அதை வைத்துத்தான் தூரத்தை அளக்கிறது. நேர் வெயிலில் அந்தப் புள்ளிகள் கரைந்துவிடும். புத்தகத்தில் எனக்குத் தெரிந்த விஷயம்தான். கூடத்தில் நின்று பார்த்தது அவர். திரைச்சீலைக்கு நாங்கள் அளவெடுத்துக்கொண்டு போனோம், அறக்கட்டளையில் செலவுக்கு ஒப்புதல் வாங்க ஒரு மாதம் ஆனது. அதற்குள் அவர் தன் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை இரண்டாக மடித்து சன்னலில் கட்டிவிட்டார். தண்ணீர் ஓடியது. திரைச்சீலை வந்த பிறகும் அந்தச் சேலைதான் இருந்தது, அதுதான் வெயிலை ஒழுங்காகத் தடுத்தது.

சேலையை எடுங்க

செய்தியாளர் வந்தது ஒரு சாயங்காலம். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். “இந்தியாவிலேயே இதுதானே முதல்?” என்று கேட்டார். இல்லை, டேவிஸ் பல்கலைக்கழகம், செக் நாடு என்று எல்லாம் சொன்னேன். குறித்துக்கொண்டார். “சரி, தமிழ்நாட்டில் முதல்னு போடலாமா?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். மறுநாள் தலைப்பில் ‘நாட்டிலேயே முதன்முறையாக’ என்று வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உள்ளூர்ப் பக்கத்தில் அரைப்பக்கம் வாங்க அவருக்கும் ஒரு காரணம் வேண்டும். ‘முதன்முறை’ என்பது அந்தக் காரணம். ஆனால் நான் ஒரு திருத்தம் கேட்டு எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அந்தத் துண்டை ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றினேன். அதைப் பார்த்துதான் வார இதழ் கூப்பிட்டது, அவர்களும் ‘முதல்’ என்றே எழுதினார்கள். இன்னொரு நாளிதழும் அப்படியே. ஒரு தப்பு மூன்று இடத்தில் அச்சாகிவிட்டால் அப்புறம் அது தகவல்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. புகைப்படக்காரர் கோணம் பார்த்துவிட்டு, பின்னால் தெரிகிற சேலையைக் காட்டி, “அத மட்டும் எடுத்துரலாமா, பிரேம்ல அசிங்கமா இருக்கு” என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் ஸ்டூலில் ஏறி முடிச்சை அவிழ்த்தார். ஐந்து மணி வெயில் மேசை முழுக்க விழுந்தது, தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று புகைப்படக்காரருக்குச் சந்தோஷம். நாங்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்று, ஓடாத தண்ணீரைக் கைகாட்டிக்கொண்டு சிரித்தோம். அந்தப் படம்தான் வந்தது. இன்றும் எங்கள் ‘பத்திரிகைகளில்’ பக்கத்தின் உச்சியில் இருப்பது அதுதான்.

விருதுக்கு அனுப்பியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் கட்டி, படிவம் நிரப்பி, இரண்டு நிமிட வீடியோ ஒன்றை அனுப்ப வேண்டும். நடுவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள். மேலூர் ரோட்டில் உள்ள கிட்டங்கிக்கு வந்து பார்க்க முடியாது. இணையதளம் என்றால் அவர்கள் தாங்களே திறந்து தொட்டுப் பார்த்து மதிப்பெண் போடலாம். ஒரு இடத்தில் இருக்கும் மேசையை அப்படிப் பார்க்க வழியில்லை, வீடியோதான் மேசை. எனவே வீடியோவை நன்றாக எடுத்தோம். காலை வெளிச்சம், ஒரு பள்ளி வகுப்பு, மேலிருந்து கால்வாயைக் காட்டும் ட்ரோன் காட்சி, பின்னணிக்கு நாகசுரம். மூன்று மாதம் கழித்துப் பாராட்டுக் குறிப்பு வந்தது. அதில் எங்களை அதிகம் புகழ்ந்த இடம் இது: எழுத்து இல்லை, பொத்தான் இல்லை, வழிகாட்ட ஆள் இல்லை, இருந்தும் பார்வையாளர்கள் தயக்கமில்லாமல் தாமாகவே கை வைக்கிறார்கள். அன்று இரவு மூன்று பேரும் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டோம். அந்தச் சந்தோஷம் உண்மையானது, அதை நான் இப்போதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எழுபது நிமிடம்

இன்னொரு போட்டிக்கு முப்பது நொடித் துண்டு வேண்டும் என்றார்கள். பின்னணி இசை கூடாது, இடத்தின் சொந்தச் சத்தம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் வெட்டாத பதிவுகளை எடுத்து ஹெட்போனில் கேட்க உட்கார்ந்தேன். எழுபது நிமிடப் பதிவு. எடிட் செய்தபோது சத்தத்தை மொத்தமாக அணைத்து நாகசுரத்தைப் போட்டிருந்தோம். எனவே அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை.

முதலில் செருப்புச் சத்தம், பிள்ளைகள் வாசலில் வரிசையாக நுழையும் சத்தம். அப்புறம் அமைதி. படத்தில் பிள்ளைகள் மேசையிலிருந்து இரண்டடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் ‘தொடாதீர்கள்’ பலகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். தொட்டால் திட்டு விழும் என்று தெரிந்த பிள்ளைகள். பக்கத்தில் நிற்கும் ஆசிரியரும், “யாரும் எதையும் தொடக்கூடாது” என்று ஒருமுறை சொல்கிறார். பதினோரு நொடி யாரும் அசையவில்லை. அதற்கப்புறம் சட்டகத்துக்கு வெளியே இருந்து ஒரு குரல். “கைய வைங்கப்பு, ஒண்ணுஞ் செய்யாது. வச்சுப் பாருங்க.” ஒரு பையன் திரும்பிப் பார்க்கிறான். “ஒன்னயத்தாந் தாயி, வை. தண்ணிய மறிச்சுப் பாரு.” பையனுக்குப் பக்கத்தில் நின்ற சிறுமி கை வைக்கிறாள். தண்ணீர் தேங்குகிறது. அதற்கப்புறம் பத்துக் கை.

நாங்கள் வெட்டி அனுப்பிய வீடியோ, அந்தச் சிறுமியின் கை மேசையைத் தொடும் நொடியில் தொடங்குகிறது.

எழுபது நிமிடத்தையும் கேட்டேன். ஒவ்வொரு வகுப்புக்கும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தக் குரல் வருகிறது. பெரியவர்களுக்கு, “ஐயா, நீங்க வச்சுக் காட்டுங்க, பிள்ளைக பாக்கட்டும்.” கூச்சத்தோடு ஒதுங்கி நிற்கும் பெண்களுக்கு, “வாங்க மதினி, ஒங்க ஊர்க் கம்மா எங்கன இருக்குன்னு பாப்போம்.” ஓரிடத்தில் ஒரு குழந்தை அழுகிறது, அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் கையைப் பிடித்து மேசையில் வைக்கிறார். சட்டகத்தின் ஓரத்தில் அவர் முழங்கையும் கண்ணாடி வளையலும் தெரிகின்றன. எடிட்டில் அதை நாங்கள் பெரிதாக்கி வெட்டியிருக்கிறோம், வளையல் வெளியே போகும் வரைக்கும். அதைச் செய்தது நான்தான். அப்போது அது எனக்கு வெறும் ஓரம்.

எழுத்தோ பொத்தானோ இல்லாமல் ஓடுகிறது என்று எங்களுக்குக் கிடைத்த பாராட்டு, அவர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கூப்பிட்டதால் கிடைத்தது. பதினோரு நொடி தயங்கி நின்றவர்களை மேசைக்குக் கொண்டுவந்தது எங்கள் வடிவமைப்பு இல்லை. அவர் விடுப்பில் இருந்த நாட்களை நோட்டில் தேடிப் பார்த்தேன். ஆம், அவர் ஒரு நோட்டும் வைத்திருந்தார். நாற்பது பக்க நோட்டு. தினமும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை முறை ப்ரொஜெக்டர் அணைந்தது, எப்போது பில்டரைத் துடைத்தார் என்று பென்சிலில். அவர் இல்லாத நாட்களில் பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த நாட்களில் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று காவலாளியிடம் கேட்டேன். “பாத்துட்டுப் போயிருவாங்கம்மா” என்றார்.

தூண் நிழல் விழாமல்

நம்மிடம் இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறி, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். அந்தக் காலத்துத் துறை விருது அது. ஆனால் அவள் அரங்கில் கால் வைப்பதற்கு முன் இளங்கோ எத்தனை பேரைச் சொல்லிவிடுகிறார் என்று பாருங்கள். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு எழுதியவன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரி வரியாக. அரங்கின் நீள அகலம், மூன்று வகைத் திரை எல்லாம் வருகின்றன. அதோடு, தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்திருந்ததையும் சொல்கிறார். ப்ரொஜெக்டரோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அந்த இடம் எப்போதும் பிடிக்கும். நிழல் எங்கே விழுகிறது என்று யாரோ ஒருவர் நின்று பார்த்து விளக்கை நகர்த்தியிருக்கிறார். சன்னலில் சேலை கட்டுவதும் அதுதான்.

வெளியே பார்த்தாலும் இது புதிதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1969-இல் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் காட்சிக்கூடத்தைத் திறந்தபோது, ‘தொட்டுப் பார்’ என்பதுதான் அதன் அடிப்படை. அங்கே பள்ளிப் பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வைத்து, வருகிறவர்களோடு நின்று பேச வைத்தார்கள். எக்ஸ்ப்ளெயினர் என்று அந்த வேலைக்கே ஒரு பெயர் கொடுத்தார்கள், இன்றும் அது நடக்கிறது. தொட்டுப் பார்க்கும் காட்சிக்கூடங்களுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லப்படும் இடத்திலேயே, பொருள் தானாகப் பேசிவிடும் என்று விட்டுவிடவில்லை. நாங்கள் நிரப்பிய விருதுப் படிவங்களில் கிரியேட்டிவ் டைரக்டர், டெக்னாலஜிஸ்ட், ஒலி, எழுத்து என்று ஏழு பொறுப்புகளுக்கு இடம் இருந்தது. மேசைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இடம் இல்லை. ‘மற்றவை’ என்று ஒரு கட்டம் இருந்தது, அதை நாங்கள் காலியாக விட்டிருந்தோம்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன். விருது என்றதும் சந்தோஷப்பட்டார். வீடியோவில் அவர் குரலை எடுத்துவிட்டோம் என்றதும், “அது எதுக்கும்மா, சும்மா கத்திக்கிட்டுக் கெடப்பேன்” என்றார். பேச்சு பேப்பரில் வந்த படத்துக்குப் போனது. அதை அவர் மகள் வெட்டி வைத்திருக்கிறாளாம். “அவ பாத்துட்டு, ஏம்மா ஒன் சேலை கட்டுன சன்னல் இதானன்னு கேட்டா. ஆமாத்தான்னேன். சேலையக் காணாமேன்னா.” அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சன்னலைப் பார்த்தேன். சேலை அங்கேதான் இருந்தது, வெயிலில் நிறம் வெளுத்து.

நடுவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டோம். குறிப்பில் உள்ள அந்த வரி எங்கள் வீடியோவால் வந்த பிழை என்றும், கூடத்தில் ஒருவர் இருக்கிறார் என்றும், எங்கள் பதிவில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றும். சேர்த்துவிட்டதாகப் பதில் வந்தது. பாராட்டைத் திரும்பப் பெறுவார்களோ என்று கூட்டாளிகள் பயந்தார்கள்; அது நியாயமான பயம்தான், மூன்று வேலை அதை நம்பிப் பேச்சில் இருக்கிறது. பெறவில்லை. ‘மற்றவை’ கட்டத்தில் அவர் பெயருக்கு எதிரே என்ன போடுவது என்று நாங்கள் மூன்று பேரும் ஒரு முழு மத்தியானம் பேசினோம். ‘பார்வையாளர் வரவேற்பு, பராமரிப்பு, ஒளி அமைப்பு’ என்று முடிவு செய்தோம். ஒளி அமைப்பு என்பதை யாராவது கேட்டால் சேலையைப் பற்றிச் சொல்வேன். கூடத்தின் பலகையிலும் அப்படியே எழுதியாயிற்று. இங்கே அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன், இணையத்தில் வேண்டாம் என்றார். அதனால் இந்தக் கட்டுரையில் அவர் அக்காதான்.

‘பத்திரிகைகளில்’ பக்கத்தில் ‘முதன்முறை’ என்று வந்த மூன்று துண்டுகளுக்கும் கீழே டேவிஸையும் செக் நாட்டுக்காரர்களையும் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறேன். உச்சியில் உள்ள படத்துக்குக் கீழே, இந்தப் படம் எடுத்தபோது தண்ணீர் ஓடவில்லை என்றும், ஏன் என்றும் எழுதியிருக்கிறேன். இதைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர் போகலாம். போனால் போகட்டும் என்று சொல்லும் அளவுக்கு எங்களிடம் காசு இல்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

வீடியோவைப் புதிதாக வெட்டினோம். இப்போது அது பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் பதினோரு நொடியில் தொடங்குகிறது. நாகசுரம் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் போனதால் ட்ரோன் காட்சியை எடுத்துவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை அதைப் போனில் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். பூட்டுகிற நேரம், வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு தடவை பார்த்தார். இரண்டாவது தடவை போனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றார். “நடுவுல ஒரு எடத்துல இருமுறேன் பாருங்க, அத மட்டும் எடுத்துருங்கம்மா.”

எடுத்துவிட்டேன்.